கட்டாரின் கணக்கு தீரவில்லை, சவூதிக்கு ஆள் சேர்க்கிறார்கள்

2034ஆம் ஆண்டின் உலகக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டியைச் சவூதி அரேபியா நடத்தும் என்று 2024 டிசம்பர் 11ஆம் திகதி பீபா அறிவித்தது. கேட்டு நின்ற நாடு அது ஒன்றுதான். ஒரே ஒரு விண்ணப்பம் இருக்கும்போது அதைத் தெரிவு என்று எப்படிச் சொல்வது என்று நமக்கு விளங்கவில்லை. எப்படியோ, அங்கத்துவ நாடுகள் கைதட்டி அதை ஏற்றுக்கொண்டன. விண்ணப்பத்தில் 15 மைதானங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. அவற்றில் 11 இனிமேல்தான் கட்டி முடிக்கப்பட வேண்டியவை. மைதானம் மட்டும் போதாது. ரயில் பாதை, பெருந்தெரு, விமான நிலையம், ஹோட்டல் என்று எல்லாம் வேண்டும். அதை முடிக்க இலட்சக்கணக்கான கைகள் வேண்டும். அந்தக் கைகள் சவூதிக்காரர்களுடையவை அல்ல. நேபாளம், வங்காளதேசம், பாகிஸ்தான், இந்தியா, கென்யா, அவற்றோடு இலங்கை ஆகிய நாடுகளிலிருந்து போகிற கைகள் அவை.

தோட்டச் சம்பளம், லயன் வீடு, காணி உறுதி என்று நமக்கே ஆயிரம் பிரச்சினை கிடக்கும்போது, எங்கோ நடக்கிற பந்து விளையாட்டைப் பற்றி நமது சங்கப் பத்திரிகையில் ஏன் ஆசிரியர் தலையங்கம் என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். பதில் உங்கள் லயத்திலேயே இருக்கிறது. பெரட்டுக்கு வரும் பெண்களில் எத்தனை பேருடைய மகள் குவைத்திலோ ரியாத்திலோ பணிப்பெண்ணாக இருக்கிறாள்? தோட்டத்தில் பேர் பதியாமல் கொழும்புக்குப் போன பையன்களில் எத்தனை பேர் அங்கிருந்து விமானம் ஏறியிருக்கிறார்கள்? 2022ஆம் ஆண்டு, நாடு வங்குரோத்தான வருடம், மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் இலங்கையிலிருந்து வேலைக்காக வெளிநாடு போனார்கள். அதற்கு முன் எந்த வருடமும் அவ்வளவு பேர் போனதில்லை. கொழுந்து எடுத்து வாழ முடியாத சம்பளம் இருக்கும்வரை நமது பிள்ளைகள் போகத்தான் செய்வார்கள். அவர்களைத் தடுத்து நிறுத்துவது சங்கத்தின் வேலை இல்லை. போகிறவர் போகும் இடம் எப்படிப்பட்டது என்று தெரிந்து போக வேண்டும், திரும்பி வர வேண்டும். அது நமது வேலை.

ஆகவே முதலில் கட்டாரைப் பார்ப்போம்.

2010 டிசம்பர் 2ஆம் திகதி கட்டாருக்கு 2022ஆம் ஆண்டுப் போட்டி வழங்கப்பட்டது. அதற்குப் பிறகு 12 வருடங்கள் அந்தச் சின்ன நாடு முழுவதும் ஒரு கட்டட வேலைத்தளமாக இருந்தது. போட்டிக்கான 8 மைதானங்களில் 7 புதியவை. உழைப்பாளர் படையில் ஏறக்குறைய 95 சதவீதத்தினர் வெளிநாட்டவர். 2021 பெப்ரவரியில் பிரித்தானியாவின் கார்டியன் பத்திரிகை, தொழிலாளர்களை அனுப்பிய நாடுகளின் அரசாங்கக் கணக்குகளைத் திரட்டி ஒரு செய்தி வெளியிட்டது. போட்டி வழங்கப்பட்டதிலிருந்து பத்து வருடங்களில் இந்தியா, நேபாளம், வங்காளதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய ஐந்து நாடுகளைச் சேர்ந்த 6,500க்கும் அதிகமான தொழிலாளர்கள் கட்டாரில் இறந்திருக்கிறார்கள் என்பது அந்தச் செய்தி. இந்தியர் 2,711. நேபாளத்தவர் 1,641. இலங்கையர் 557.

அந்த 6,500 பேரும் மைதானம் கட்டும்போது விழுந்து செத்தவர்கள் என்று சிலர் மேடைகளில் பேசுகிறார்கள். அது சரியல்ல. சாரதி, காவலாளி, தோட்டக்காரர், வீட்டுப் பணியாளர், கட்டடத் தொழிலாளி என்று எல்லா வேலைக்காரரும், எல்லா வகை மரணமும் அந்த எண்ணிக்கையில் அடங்கும். தொழிற்சங்கம் எண்ணை ஊதிப் பெருப்பிக்கக் கூடாது. எதிரி அந்த ஒரு பிழையைப் பிடித்துக்கொண்டு முழு உண்மையையும் தட்டிக்கழித்துவிடுவான். ஆனால் மறுபக்கத்தில் ஏற்பாட்டுக் குழு சொன்ன கணக்கையும் பாருங்கள். மைதான வேலைத்தளங்களில் வேலையால் ஏற்பட்ட மரணம் 3, வேலையுடன் தொடர்பில்லாத மரணம் 37 என்று அது வருடக்கணக்காகச் சொல்லி வந்தது. போட்டி நடந்துகொண்டிருந்த 2022 நவம்பரில் அதே குழுவின் தலைமை அதிகாரி ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், போட்டிக்கான வேலைகளில் இறந்தவர்கள் 400க்கும் 500க்கும் இடையில் என்று வாய்தவறிச் சொன்னார். பிறகு, அது 2014 முதல் 2020 வரை நாடு முழுவதும் எல்லாத் துறைகளிலும் வேலையால் நேர்ந்த 414 மரணங்களைப் பற்றியது என்று விளக்கம் வந்தது. மூன்றா, நானூறா, ஆறாயிரமா? 12 வருடங்கள் கழிந்தும் ஒரு பணக்கார நாட்டில் இதற்கு விடை இல்லை. கட்டிய மைதானத்தில் எத்தனை கதிரை என்று கேட்டால் உடனே சொல்வார்கள்.

நமக்கு மிகவும் உறுத்துவது இன்னொரு விடயம். கார்டியன் பார்த்த பதிவுகளில் இந்திய, நேபாள, வங்காளதேசத் தொழிலாளர்களின் மரணங்களில் 69 சதவீதத்துக்கு எழுதப்பட்ட காரணம் 'இயற்கை மரணம்'. இதயம் நின்றது, சுவாசம் நின்றது, அவ்வளவுதான். இறக்கிற எல்லாருக்கும் இதயம் நிற்கத்தான் செய்யும், அது ஏன் நின்றது என்பதுதானே கேள்வி? வைத்தியப் பரிசோதனையில் தேறி விமானம் ஏறிய 25, 30 வயதுப் பையன் இரவில் படுத்துக் காலையில் எழும்பவில்லை என்றால் அதில் இயற்கை எங்கே இருக்கிறது? 2019இல் ஓர் இதயநோய் ஆய்விதழில் வந்த ஆராய்ச்சி, 2009 முதல் 2017 வரை கட்டாரில் இதயக் கோளாறால் இறந்ததாகச் சொல்லப்பட்ட 571 நேபாளத் தொழிலாளர்களை எடுத்துப் பார்த்தது. வெயிலிலிருந்து ஒழுங்கான பாதுகாப்பு இருந்திருந்தால் அவர்களில் 200 பேர்வரை காப்பாற்றப்பட்டிருக்கலாம் என்று அது முடிவு செய்தது. கட்டார் அரசாங்கம் தானே அமர்த்திய சட்ட நிறுவனம் ஒன்றுகூட, திடீர் மரணங்களில் பிரேத பரிசோதனைக்கு இடம் தரும்படி சட்டத்தை மாற்றுங்கள், இந்த இதய மரணங்களை ஆராயுங்கள் என்று 2014இலேயே எழுதிக் கொடுத்தது. செய்யவில்லை.

ஏன் செய்யவில்லை என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. வேலையால் வந்த மரணம் என்றால் முதலாளி நட்டஈடு கட்ட வேண்டும். இயற்கை மரணம் என்றால் பெட்டியை அனுப்பிவிட்டால் போதும்.

இதை எழுதும்போது முல்லோயா கோவிந்தனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டு இறந்தவர் அவர். அன்று நமக்கு வாக்கு பறிக்கப்படவில்லை என்றாலும் நாட்டில் நாம் யாருக்கும் பெரிய பொருட்டில்லை. வெள்ளைக்காரத் துரையின் காலம். அப்படியிருந்தும் அந்த ஒரு தொழிலாளியின் மரணத்துக்காக விசாரணை ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. கொல்வின் ஆர். டி சில்வா தொழிலாளர் பக்கம் நின்று அங்கே குறுக்குக் கேள்வி கேட்டார். அந்த ஆணைக்குழு யாருடைய இரக்கத்தினாலும் வந்ததல்ல. தோட்டங்களில் சங்கம் இருந்தது, சங்கத்துக்குக் குரல் இருந்தது, ஆகவே வந்தது. 557 இலங்கையருக்கு அப்படி ஒரு விசாரணை எங்கே? அவர்களில் எத்தனை பேர் மலையகத்தவர் என்று சொல்லக்கூடிய ஒரு பதிவை எந்த அரசாங்கமாவது பத்திரிகைக்குத் தந்திருக்கிறதா?

கட்டாரில் வெளிநாட்டுத் தொழிலாளி சங்கம் அமைக்க முடியாது. சட்டம் அந்த உரிமையைக் கட்டார் பிரசைகளுக்கு மட்டுமே தருகிறது. உழைப்பாளரில் நூற்றுக்கு 95 பேர் வெளிநாட்டவர் என்றால், தொழிலாளர் என்று சொல்லக்கூடிய யாருக்குமே அங்கு சங்கம் இல்லை என்றுதான் பொருள். சம்பளம் மாதக்கணக்காக வரவில்லை என்று தெருவில் உட்கார்ந்தவர்களை 2022 ஓகஸ்டில், போட்டிக்கு மூன்று மாதம் இருக்கும்போது, பிடித்து நாடு கடத்தினார்கள். தோட்ட நிலைமையைப் பற்றி எழுதியதற்காகக் கென்ய நாட்டுக் காவலாளி ஒருவர் 2021இல் வாரக்கணக்காகத் தனிமைச் சிறையில் வைக்கப்பட்டார். தோட்டம் என்று கைப்பழக்கத்தில் எழுதிவிட்டோம், அவர் எழுதியது தாம் தங்கியிருந்த தொழிலாளர் முகாமைப் பற்றி. வித்தியாசம் பெரிதாக இல்லாததால் அடிக்காமல் விடுகிறோம்.

கபாலா என்று அந்த முறைக்குப் பெயர். பொறுப்பாளி ஒருவர் இல்லாமல் நாட்டுக்குள் வர முடியாது. அவர் சம்மதம் இல்லாமல் வேறு வேலைக்கு மாற முடியாது. பல வருடங்கள், அவர் கடிதம் தராமல் நாட்டை விட்டு வெளியே போகவும் முடியாது. நமது பாட்டன் பூட்டனுக்கு இது புது விடயமாகத் தெரிந்திருக்காது. கங்காணியிடம் பட்ட கடனைத் துண்டில் எழுதி வைப்பார்கள். அந்தக் கடனை யார் கட்டுகிறாரோ அந்தத் தோட்டத்துக்குத்தான் ஆள் போகலாம். கடனும் ஆளும் சேர்ந்து கைமாறும். துண்டு முறையை இலங்கையில் 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். அதற்கு நூறு வருடம் கழித்து வளைகுடாவில் 'ஆட்சேபனை இல்லை' என்ற கடிதத்துக்காக ஒரு மேசன் தன் முதலாளியின் வாசலில் நின்றார். கங்காணியின் இடத்தில் உப முகவர். தலைக்காசின் இடத்தில் கொமிஷன். தென்னிந்தியக் கிராமத்தில் கொடுத்த முற்பணத்தின் இடத்தில் நகை அடகு, மாத வட்டிக் கடன். வேலைக்கு ஆள் எடுக்கிறவனே செலவை ஏற்க வேண்டும் என்பது சர்வதேச நியமம். நடப்பில், வேலைக்குப் போகிறவன் தன் முதல் வருடச் சம்பளத்தை வட்டிக்காரனுக்குக் கட்டுகிறான்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, கட்டாரில் எதுவுமே மாறவில்லை என்றும் நாம் சொல்லப்போவதில்லை. மாறியது. ஆனால் எப்படி மாறியது என்பதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. 2014 ஜூனில் ஜெனீவாவில் நடந்த சர்வதேச தொழிலாளர் மாநாட்டில், தொழிலாளர் பிரதிநிதிகள் சிலர் சேர்ந்து கட்டாருக்கு எதிராக முறைப்பாடு ஒன்றைப் பதிந்தார்கள். எந்த அரசாங்கமும் அதைச் செய்யவில்லை. நமது அரசாங்கமும் இல்லை, டெல்லியும் இல்லை, காத்மண்டுவும் இல்லை. செய்தவர்கள் தொழிற்சங்கக்காரர்கள். விசாரணை ஆணைக்குழு வரும் என்ற அச்சுறுத்தல் மூன்று வருடங்கள் தலைக்கு மேல் தொங்கிய பிறகுதான் கட்டார் இறங்கி வந்தது. 2018இல் சர்வதேச தொழிலாளர் ஸ்தாபனம் தோஹாவில் காரியாலயம் திறந்தது. வெளியேறும் அனுமதி படிப்படியாக நீக்கப்பட்டது. 2020இல் வேலை மாறுவதற்கு முதலாளியின் கடிதம் தேவையில்லை என்று சட்டம் வந்தது. 2021 மார்ச்சிலிருந்து எல்லாத் தொழிலாளருக்கும், வீட்டுப் பணியாளர் உட்பட, மாதம் 1,000 ரியால் குறைந்தபட்சச் சம்பளம். தங்குமிடமும் சாப்பாடும் தராவிட்டால் அதற்கு மேலும் 800 ரியால். கோடையில் காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை திறந்தவெளி வேலைக்குத் தடை. சர்வதேச கட்டட மரத்தொழிலாளர் சம்மேளனம் 2016இல் ஒப்பந்தம் செய்து மைதான வேலைத்தளங்களுக்குள் சென்று பரிசோதனை செய்தது. சில ஒப்பந்தக் கம்பனிகள் முகவருக்குக் கட்டிய பணத்தைத் தொழிலாளருக்குத் திருப்பிக் கொடுத்தன.

இவை சிறிய விடயங்கள் அல்ல. ஆனால் காகிதத்தில் இருப்பது வேறு, கைக்கு வருவது வேறு என்பதைக் கூட்டு ஒப்பந்தங்களோடு வாழ்ந்து பழகிய நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேலை மாற விண்ணப்பித்தவர்மீது 'தலைமறைவு' என்று முதலாளி முறைப்பாடு போட்டால் போதும், அவர் சட்டவிரோதி. மைதானத்தில் வேலை செய்தவருக்குக் கிடைத்த கவனிப்பு, நகரத்தின் மற்றக் கட்டடங்களில் வேலை செய்தவருக்குக் கிடைக்கவில்லை. 1,000 ரியால் என்பது நமது காசில் சுமார் 80,000 ரூபா. தோட்டத்தில் இருந்து பார்க்கும்போது அது பெரிய தொகை. உலகத்தின் மிகப் பெரிய பணக்கார நாடுகளில் ஒன்றில், 40 பாகை வெயிலில், கடனைக் கட்டிக்கொண்டு, வீட்டுக்கும் அனுப்பிக்கொண்டு வாழ்கிறவனிடம் கேட்டால் வேறு கதை சொல்வான்.

பீபாவிடம் வருவோம். 2019 முதல் 2022 வரையிலான நான்கு வருடங்களில் அதன் வருமானம் 750 கோடி டொலருக்கு மேல். மனித உரிமைகளை மதிப்போம் என்று 2017இல் கொள்கை ஆவணம் ஒன்றையும் அது வெளியிட்டிருந்தது. 2022 மே மாதம் மனித உரிமை அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் ஒரு கோரிக்கை வைத்தன. விளையாடும் அணிகளுக்குப் பரிசாக 44 கோடி டொலர் கொடுக்கிறீர்கள். அதே அளவு தொகையை இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் காயப்பட்டவர்களுக்கும் சம்பளம் களவு போனவர்களுக்கும் ஒதுக்குங்கள். கோரிக்கை இவ்வளவுதான். கட்டார் தொழில் அமைச்சர் அதை விளம்பர வித்தை என்றார். பீபாவின் தலைவர் இன்பன்டினோ, போட்டி தொடங்குவதற்கு முதல் நாள் பத்திரிகையாளர் முன் உட்கார்ந்து, தாமும் ஒரு புலம்பெயர் தொழிலாளியாக இன்று உணர்வதாகச் சொன்னார். ஐரோப்பா மற்றவர்களுக்கு உபதேசம் செய்ய முன் தன் வரலாற்றுக்கு மன்னிப்புக் கேட்கட்டும் என்றும் சொன்னார்.

அந்தக் கடைசிப் பேச்சில் உண்மை இல்லாமல் இல்லை. ஐரோப்பா எப்படிப் பணக்காரனானது என்று நம்மை விட யாருக்குத் தெரியும்? கோப்பிக்கும் தேயிலைக்கும் நடந்து வந்து வழியிலே செத்தவர்களின் பிள்ளைகள் நாம். ஆனால் ஐரோப்பாவின் பாவத்தைக் காட்டி நேபாளத்து விதவையின் நட்டஈட்டை மறுப்பது என்ன நியாயம்? அவள் ஐரோப்பா பக்கமும் இல்லை, கட்டார் பக்கமும் இல்லை. அவளுக்கு அவளுடைய புருஷனின் கணக்கு வேண்டும். போட்டி நடந்துகொண்டிருந்தபோதே ஒரு பிலிப்பைன்ஸ் தொழிலாளி, பயிற்சி முகாமாக இருந்த ஹோட்டல் ஒன்றில் விழுந்து இறந்தார். அதைப் பற்றிக் கேட்ட நிருபரிடம் போட்டியின் தலைமை நிர்வாகி, மரணம் வாழ்க்கையின் இயல்பான பகுதி என்று சொல்லிவிட்டு, உலகக் கிண்ணம் நடக்கும்போது கேட்கிற கேள்வியா இது என்ற பாவனையில் நடந்துகொண்டார். நமது துரைமாரில் மிக மோசமானவர்கூட மரண வீட்டில் அப்படிப் பேசத் துணியமாட்டார்.

முடிவில் என்ன நடந்தது? பீபாவே நியமித்த உபகுழு, தொழிலாளர்களுக்கு நிவாரணம் வழங்கும் பொறுப்பு பீபாவுக்கு உண்டு என்று அறிக்கை கொடுத்தது. 2024 நவம்பர் கடைசியில், அந்த அறிக்கை வெளியான நாட்களிலேயே, 5 கோடி டொலர் நிதியொன்றைப் பீபா அறிவித்தது. சுகாதார ஸ்தாபனத்துக்கு, வர்த்தக ஸ்தாபனத்துக்கு, அகதிகளுக்கான நிறுவனத்துக்கு என்று அது பிரிக்கப்பட்டது. மைதானம் கட்டியவனுக்கும் அவனுடைய குடும்பத்துக்கும் நட்டஈடாக ஒரு சதமும் இல்லை. இரண்டு கிழமை கழித்து, சவூதிக்கு 2034.

சவூதியில் தொழிற்சங்கம் முழுமையாகத் தடை. 2021இல் கொண்டு வந்த சீர்திருத்தம் தனியார் கம்பனித் தொழிலாளருக்கு வேலை மாற ஓரளவு வழி விட்டது. வீட்டுப் பணியாளரையும் வீட்டுச் சாரதிகளையும் அது சேர்க்கவில்லை. நமது பெண்கள் அங்கு செய்வது பெரும்பாலும் வீட்டு வேலைதான். வங்குரோத்தான இரண்டு நிர்மாணக் கம்பனிகள் ஏமாற்றிய 21,000 தொழிலாளர்களின் சம்பள நிலுவையைக் காட்டி, கட்டட மரத்தொழிலாளர் சம்மேளனம் 2024 ஜூனில் ஜெனீவாவில் முறைப்பாடு கொடுத்தது. அடுத்த வருடம் 36 நாடுகளின் தொழிற்சங்கங்களுடன் சேர்ந்து சர்வதேச தொழிற்சங்க சம்மேளனமும் கொடுத்திருக்கிறது. கட்டாரில் வழி திறந்தது அப்படித்தான். ஆனால் கட்டாரில் முறைப்பாடு வந்தபோது நான்கு வருடம் வீணாகப் போயிருந்தது. இம்முறை ஒன்பது வருடம் கையில் இருக்கும்போதே தொடங்கியிருக்கிறார்கள். பீபாவிடம் இருக்கும் பலம் போட்டியைக் கொடுப்பதற்கு முன்தான் அதிகம். அதை அது கைதட்டிக் கொடுத்துவிட்டது. ஆகவே மிச்சமிருக்கும் பலம் தொழிலாளர் அனுப்பும் நாடுகளிடமும் சங்கங்களிடமும்தான்.

மூதூர் ரிசானா நபீக்கை இந்த நாடு மறந்திருக்க முடியாது. 17 வயதுப் பிள்ளை, கடவுச்சீட்டில் வயதைக் கூட்டி எழுதி 2005இல் அனுப்பப்பட்டாள். குழந்தை பராமரிப்பில் பயிற்சி இல்லாதவளிடம் கைக்குழந்தை ஒப்படைக்கப்பட்டது, குழந்தை இறந்தது. 2013 ஜனவரி 9ஆம் திகதி சவூதியில் அவளுடைய தலை வெட்டப்பட்டது. விசாரணையின் ஆரம்பத்தில் அவளுக்கு ஒரு சட்டத்தரணி இல்லை, ஒழுங்கான மொழிபெயர்ப்பாளர் இல்லை. அதன் பின் நமது அரசாங்கங்கள் செய்தது என்ன? முதலில், 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் போகக் கூடாது என்று குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டார்கள். டொலர் முடிந்தபோது, 2022இல், அந்த வயதை 2 ஆகக் குறைத்தார்கள். பிள்ளையின் நலனுக்காகப் போட்ட விதி என்றால், டொலர் இல்லாத வருடத்தில் பிள்ளைகள் சீக்கிரம் வளர்ந்துவிட்டார்களா? விதி கடுமையாக இருந்த காலத்திலும் பெண்கள் போகாமல் இருக்கவில்லை. சுற்றுலா விசாவில், பதிவில்லாமல், முகவர் காட்டிய வழியில் போனார்கள். அப்படி ஓமானுக்கு அனுப்பி விற்கப்பட்ட பெண்களின் விவகாரம் 2022இல் வெளிவந்தபோது, நமது தூதரக அதிகாரி ஒருவரே கைதானார்.

புலம்பெயர் தொழிலாளர் உரிமை பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 1996இலேயே ஏற்றுக்கொண்டது. வருடந்தோறும் அனுப்பிவைக்கப்படும் வெளிநாட்டுப் பணத்தின் கணக்கை அமைச்சு பெருமையோடு வெளியிடுகிறது. அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில், எத்தனை சடலம் வந்தது, எந்த நாட்டிலிருந்து, எந்த மாவட்டத்துக்கு, என்ன காரணம் எழுதப்பட்டது, எத்தனை குடும்பத்துக்கு எவ்வளவு நட்டஈடு கிடைத்தது என்றும் வெளியிட வேண்டும் என்று நாம் கேட்கிறோம். 'இயற்கை மரணம்' என்று வரும் ஒவ்வொரு சடலத்துக்கும், குடும்பம் சம்மதித்தால், இங்கே அரச செலவில் பிரேத பரிசோதனை நடக்க வேண்டும். சவூதியோடு செய்யும் எந்த உடன்படிக்கையிலும் மைதான வேலைக்குப் போகிறவரும் சமையலறைக்குப் போகிறவரும் ஒரே பாதுகாப்பைப் பெற வேண்டும். முகவருக்குக் கட்டும் பணத்தை முதலாளி ஏற்க வேண்டும். அரசாங்கக் காரியாலயத்தில் நமது அம்மாமார் கையெழுத்துப் போடும் கடதாசி தமிழில் இருக்க வேண்டும். மகனின் மரணத்துக்கு வேறு உரிமைக்கோரல் இல்லை என்ற வாசகத்தில், அது என்னவென்று விளங்காமலே, சிங்களத்திலோ அரபியிலோ கையெழுத்து வைத்துவிட்டு வந்தவர்கள் தோட்டங்களில் இருக்கிறார்கள். இந்தக் கோரிக்கைகளை நமது சங்கம் தனியாகக் கேட்டால் போதாது. தோட்டத் துறையின் மற்றச் சங்கங்களோடு தேர்தல் காலச் சண்டைகளை ஒதுக்கி வைத்துவிட்டு இதில் சேர்ந்து நிற்க நாம் தயார் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறோம். நேபாளத்தின் ஜிபொன்ட் சம்மேளனம் வளைகுடாவில் தன் நாட்டவரிடையே உதவிக் குழுக்களை வைத்து நடத்துகிறது. நம்மால் ஏன் முடியாது?

இனித் தோட்டத் தலைவர்மாருக்கும் மாதர் சங்கத் தலைவியருக்கும் ஒரு வேலை. உங்கள் பிரிவில் வெளிநாடு போக ஆயத்தமாகிறவர் யாராக இருந்தாலும், சந்தாக்காரரோ இல்லையோ, முகவரிடம் பணம் கட்ட முன் ஒரு தடவை சங்கக் காரியாலயத்துக்கு வரச் சொல்லுங்கள். முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரித்துச் சொல்வோம். 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து நீங்களும் கேட்கலாம். பணியகத்தில் பதியாமல் போனால் காப்புறுதி இல்லை, நாளைக்கு ஏதாவது நடந்தால் போனவர் என்பதற்கே சாட்சி இல்லை. கடவுச்சீட்டு, ஒப்பந்தம், விசா, முகவருக்குக் கட்டிய காசின் பற்றுச்சீட்டு, இவற்றின் பிரதி ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். இன்னொன்றைக் காரியாலயத்தில் கோவையில் வைக்கிறோம். பற்றுச்சீட்டுத் தராத முகவரிடம் காசு கொடுக்க வேண்டாம். ஒப்பந்தத்தில் எழுதிய வேலையும் வாயால் சொன்ன வேலையும் ஒன்றுதானா என்று வாசித்துக் காட்டக் காரியாலயத்தில் ஆள் இருக்கிறார்.

ஏற்கெனவே யாரையாவது வளைகுடாவில் இழந்த குடும்பங்கள், அது பத்து வருடத்துக்கு முன் நடந்திருந்தாலும், மரணச் சான்றிதழையும் கையில் உள்ள மற்றக் கடதாசிகளையும் எடுத்துக்கொண்டு மாவட்டக் காரியாலயத்துக்கு வரும்படி கேட்டுக்கொள்கிறோம். கடதாசி எதுவும் இல்லையென்றாலும் வாருங்கள்; பெயர், போன திகதி, போன நாடு, முகவரின் பெயர், சடலம் வந்த திகதி, இவ்வளவு தெரிந்தால் போதும். மலையகத்தவர் எத்தனை பேர் என்ற கணக்கை அரசாங்கம் தராவிட்டால் நாமே எழுதத் தொடங்குகிறோம். பதிவுப் புத்தகம் ஞாயிற்றுக்கிழமைகளிலும் திறந்திருக்கும்.